வெள்ளிக்கிழமை ஜெபமாலை

திண்டிவனத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. உள்ளே ஆஷ்லினுக்குத் தலைப்பிரசவம். வெளியே பெஞ்சு நுனியில் அவள் அப்பா அருள்நாதனும் அம்மா சகாயசெல்வியும். "பிளீடிங் நிக்கல, இன்னொரு யூனிட் பிளட் வேணும்" என்று இப்போதுதான் நர்ஸ் சொல்லிவிட்டுப் போகிறார்; மருமகன் ரத்த வங்கிக்கு ஓடுகிறான். நர்ஸ் நின்ற இடத்தில், செருப்பில் ஒட்டி வந்த சிவப்புக் கறை ஒன்று. அதை மிதித்துவிடாமல் சகாயசெல்வி கால்களை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அருள்நாதன் சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுக்கிறார். கிளியனூர் கோயிலில் இருபது வருஷமாக ஜெபமாலையை முன்நின்று சொல்பவர். எந்தக் கிழமைக்கு எந்தத் தேவரகசியங்களைத் தியானிப்பது என்பதில் தவறியதே இல்லை. "சந்தோஷ தேவரகசியம். முதலாவது, கபிரியேல் தூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது." அவள் திரும்பிப் பார்க்கிறாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. துக்கம்தான சொல்லணும்?" சந்தோஷ தேவரகசியம் ஐந்தில் மாட்டுத்தொழுவத்தில் இயேசு பிறப்பதும் ஒன்று; துக்க தேவரகசியமோ ஆண்டவர் இரத்த வேர்வை சிந்துவதில் தொடங்கும். அவர் கண் தரையிலிருக்கும் கறைக்குப் போகிறது. "தப்பா வந்துடுச்சு. மறுபடி ஆரம்பிக்கட்டா?" கதவுக்குப் பின்னால் ஏதோ தட்டு விழுந்து உருள்கிறது. பிறகு சத்தமே இல்லை. சகாயசெல்வி அவர் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறாள். "வேணாம், இப்படியே சொல்லிக்கினு போங்க. மூணாவதுல கொழந்த பொறந்துடும்."