நான் மன்னித்த மனிதர்

"கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா!" என்றார் மிஷன் நர்சிங் கல்லூரி பிரின்சிபல். "பட்டமளிப்பு அன்னிக்கு இந்தக் கட்டுரையை நீயே மேடையில வாசிக்கணும்."

பத்து வருடமாக நர்ஸ் வேலை பார்த்து, வேலையோடு வேலையாக டிகிரியும் முடித்த அடுக்கம் கிராமத்துக்காரி பாண்டீஸ்வரி தயங்கினாள். 'நான் மன்னித்த மனிதர்' கட்டுரையில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மார்க்.

"அதுல பேரு, தேதியெல்லாம் அப்படியே கெடக்குங்க மேடம்."

"மனசார மன்னிச்சாச்சுல்ல? அப்புறம் பேரு இருந்தா என்ன?"

மேடையேறி வாசித்தாள். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மேட்ரன் ஜெபரத்தினம் நோயாளிக்கு ஊசியை மாற்றிப் போட்டதையும், அந்தப் பழியை இவள் தலையில் கட்டி ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்ய வைத்ததையும் வார்டு நம்பர்கூட விடாமல் வாசித்தாள்.

"அவரை முழு மனதோடு மன்னிக்கிறேன்."

மண்டபமே "ஆமென்" என்றது. முன்வரிசையில் ஒரே ஒரு வாய் மட்டும் திறக்கவில்லை.

கீழே இறங்கியவளின் கையைத் தோழி சுகன்யா பிடித்து இழுத்தாள். "ஏய், அந்த மேட்ரனே முன்னாடி உக்காந்திருக்காங்கடி! யாரு கூப்பிட்டது?"

"நான்தான். நேத்து வெள்ளனே ரெண்டு வீட்டுக்குப் போயி பத்திரிகை வச்சேன். ஒண்ணு அவங்களுக்கு. இன்னொண்ணு, இப்ப பக்கத்துல உக்காந்து அவங்களையே மொறைச்சுப் பாக்குறாரே, எங்க ஆஸ்பத்திரி சேர்மன், அவருக்கு."