நீலச் சுவெட்டர்

டோர்ட்மண்ட் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில், மேசை மேல் மாசி வெயில் வெளிறிக் கிடக்கிறது. ஒன்பது வருடமாகக் கடிதத்தில் மட்டுமே பழகிய இமெல்டாவை, ஒசாகாவிலிருந்து வந்த ஹருமி இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஜெர்மன் பழகவென்று எழுதத் தொடங்கியவள். "லக்ஸன் வரவில்லையா?" என்று அதே ஜெர்மனில் மெதுவாகக் கேட்டபடி மெல்லிய தாளைப் பிரிக்கிறாள். உள்ளே அவள் பின்னிய நீலச் சுவெட்டர். "பன்னிரண்டு வயதென்று எழுதியிருந்தீர்களே." இமெல்டாவின் கரண்டி கோப்பைக்குள் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. மகன் லக்ஸன் நான்கு வருடத்துக்கு முன், எட்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவன். அதை மட்டும் அவள் எழுதவில்லை. கடிதங்களில் அவன் சைக்கிள் பழகினான். போன மாதம் அவன் குரல்கூட உடையத் தொடங்கியது. பக்கத்திலிருக்கும் கணவன் அலோசியஸுக்கு இது இப்போதுதான் தெரிகிறது. "நீர் என்னப்பா எழுதினனீர்?" என்று தமிழில் கேட்கிறான். "அவளிட்டையாவது அவன் இருக்கட்டும் எண்டு..." இமெல்டா தலை நிமிரவில்லை. ஹருமி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பின்னியது பிடிக்கவில்லையோ என்ற கலக்கம் அவள் முகத்தில். அலோசியஸ் சுவெட்டரை எடுத்து, இரண்டு தோளிலும் பிடித்து, ஒரு பையன் நிற்கும் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கிறான். சுவெட்டரின் கைகள் வெறுமனே தொங்குகின்றன. பிறகு, ஹருமிக்கு விளங்கும்படி ஜெர்மனில் சொல்கிறான்: "கை கொஞ்சம் நீளம். பரவாயில்லை, வளர்ந்துவிடுவான்."