மஞ்சள் விளக்கு

கம்பெனி குடியிருப்பில் தம்பதிகளுக்கு மட்டும்தான் அறை. அதற்காகவே ஸ்டெல்லாவும் கூட வேலை பார்த்த இருளப்பனும் கல்யாணமானவர்கள் என்று பொய் சொன்னார்கள். அறையின் குறுக்கே பழைய புடவை ஒன்றைக் கட்டி ஆளுக்கொரு பக்கம் படுத்தார்கள்.

கழிப்பறை, போகிறவரின் சிறுநீரைச் சோதித்துக் கதவுக்கு மேல் விளக்குப் போடும். நோய் இருந்தால் மஞ்சள். எல்லா வீட்டிலும் மஞ்சள்தான். படுக்கையில் தொற்றும் அந்த நோயைப் பற்றிச் சளி, இருமல் போலப் பேசிக்கொண்டார்கள். ஸ்டெல்லாவுக்கு மட்டும் பச்சை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

மேற்பார்வையாளர் வந்தார். "வருஷம் ஒண்ணாச்சு. புருஷனுக்கு மஞ்சள், உனக்குப் பச்சை. எப்படிம்மா?"

"நான் சுத்தமா இருக்கேன் சார்."

"அதத்தாம்மா கேக்கறேன்." அவர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசமும் பச்சைன்னா ரூமும் கிடையாது, வேலையும் கிடையாது."

அவர் போனதும் இருளப்பன் தரையைப் பார்த்தபடி, "நான் ஊருக்குப் போயிடறேன் ஸ்டெல்லா" என்றான்.

"நீ போனா என் ரூமும் போயிடும்" என்று சொல்லிவிட்டு, அவள் குறுக்கே கட்டியிருந்த புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

அடுத்த மாதம் அவளுக்கும் மஞ்சள் எரிந்தது. எதிர்வீட்டுப் பெண் கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தாள்.

"இப்பதான்க்கா குடும்பம் மாதிரி இருக்கு" என்றாள்.