பிரிக்காத ஒன்பது டேப்புகள்

பதினோரு சதவீதத்தில் நின்றது.

மூன்றாவது முறை. டேப் உள்ளே கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு, படிக்க முடியவில்லை என்று வேறொரு கம்ப்யூட்டரின் திரை சொன்னது.

ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் குணாளன் டேப்பை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தான். துடைத்தால் சரியாகிவிடுமா என்ன.

பின்னால் தமயந்தி மேடம் நின்றிருந்தார். உப்பு நிலத்தில் விளையும் நெல்லுக்காகப் பதின்மூன்று வருடம் வெயிலில் நின்றவர். எந்தச் செடி எதன் பிள்ளை, எது தாங்கியது, எது கருகியது, எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் செத்துப்போனது.

"டேப்ல இருக்கு மேடம், பயப்படாதீங்க" என்று அவன்தான் சொன்னான்.

கம்ப்யூட்டரில் இருப்பதன் நகலை வெள்ளிதோறும் தவறாமல் டேப்பில் பதிந்தான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே டேப்பில். போன வாரத்தின் மேல் இந்த வாரம், ஆறு வருடமாக.

ஆபீஸுக்கு வந்த புது டேப்புகள் பத்து. ஒன்றை மட்டும் பிரித்தான். மற்ற ஒன்பதும் பீரோவில், கண்ணாடித்தாள்கூடக் கசங்காமல் இருக்கின்றன. புதுசை எடுத்துப் பாழாக்குவானேன் என்று. வீட்டிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

பதிந்தது திரும்ப வருகிறதா என்று ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. சும்மா ஓட்டினால் தேய்ந்துவிடும் அல்லவா.

மேடத்தின் பழைய நோட்டுகளைக் கரையான் அரித்தபோது, போனால் போகட்டும் என்று தூக்கிப்போடச் சொன்னவனும் அவன்தான்.

நான்காவது முறை. பதினோரு சதவீதம்.

திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"போதும் குணாளன். சாப்பிடப் போங்க."

அவர் வயலுக்கு நடந்தார். அவன் சாப்பிடப் போகவில்லை. பின்னாலேயே போனான்.

நானூறு வரிசை. கதிர் முற்றி நின்றது. வரிசைக்கொரு தகரத் தகடு, அதில் ஓர் எண். பார்ப்பவர் கண் ஒருபக்கம் சாயக் கூடாதென்று எண்களைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டிருந்தது. எந்த எண் எந்த நெல் என்பதும் அந்த டேப்பில்தான்.

அதில் நான்கு ரகத்தை இந்த வருடம் கடலோர விவசாயிகளுக்குக் கொடுப்பதாக இருந்தது.

"எந்த நாலு மேடம்?"

அவர் வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். காற்றுக்கு எல்லாக் கதிரும் ஒன்றுபோலவே சாய்ந்தன.

"தெரியல. எல்லாத்தையும் தனித்தனியா அறுக்கச் சொல்லுங்க. முதல்லேர்ந்து பாக்கணும்."

அவன் தலையாட்டினான்.

அவருக்கு இன்னும் இரண்டு வருடம்தான் சர்வீஸ்.