நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே அம்மா

அரசுத் தானியக் கிடங்கில் வேலை பார்த்த கட்டெறும்பு ஒன்று, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று விடுப்பு விண்ணப்பம் கொடுத்தது. விடுப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் பெருச்சாளி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னப்பா இது? காலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம். எல்லாத்திலயும் ஒரே அம்மா பேரு!"

"எங்க எல்லாருக்கும் ஒரே அம்மாதாங்க ஐயா."

பெருச்சாளிக்குத் தலை சுற்றியது. விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "தாயைப் பார்த்துக்க பிள்ளைக்கு விடுப்பு உண்டு. ஆனா ஒரு தாய்க்கு ஒரு பிள்ளைதான். நீ போகணும்னா, மத்தப் பிள்ளைங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும்."

"எல்லாருமா? புத்துல இன்னும் ஆயிரக்கணக்குல இருக்காங்களே ஐயா!"

"அதுக்கு நான் என்னப்பா பண்றது? விதி அப்படி."

எறும்பு ஒவ்வொருவரிடமாக ஓடியது. பதினோராவது நாள், கடைசிக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு பெருச்சாளி முன்னால் வந்து நின்றது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நேத்து போயிட்டாங்க ஐயா."

பெருச்சாளி அவசரமாகப் புத்தகத்தைத் திறந்தார். படிக்கப் படிக்க முகம் தெளிந்தது.

"இதுல குழப்பமே இல்லப்பா. இறப்புன்னா எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நாள் உண்டு. எல்லாரும் போயிட்டு வாங்க."

எறும்பு கையிலிருந்த தாள்கட்டைப் பார்த்தது.

"அப்போ இதை என்ன ஐயா செய்யறது?"

"பத்திரமா வச்சுக்கோ. அடுத்த தடவை அம்மாவுக்கு முடியலைன்னா அலைய வேண்டாம்."