முன்னேற்றம் இல்லை

டீயில் தோய்த்த பிஸ்கட் பாதியில் ஒடிந்து உள்ளே விழுந்தது. டாக்டர் இரண்டு விரலை விட்டுத் துழாவி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதே விரல்களால் கடுகின் இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடுகுக்கு ஐந்து வயது. பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்துப் பெரியம்மா வைத்த பேர், ஒட்டிக்கொண்டுவிட்டது. வயிற்றில் இருக்கும்போதே அவளுக்குப் பக்கவாதம் வந்து போயிருந்தது. வலது கை துறுதுறுவென்று ஊரையே கலைக்கும். இடது கை முஷ்டியாக மூடிக் கிடக்கும்; அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிக்கொள்ளும்.

பக்கவாதம் என்றால் தாத்தாக்களுக்கு வருவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வாசலில் படிவத்தை வாங்கிய குமாஸ்தாவும், "வயித்துக்குள்ளயே வாதமா? மாசமா இருக்கும்போது நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரையைக் குத்தினான்.

ஐந்து வருடமாக இதே கேள்வி. கேட்கிற வாய்தான் வேறு வேறு. அந்த வாய்களை நினைத்தாலே அம்மாவுக்குச் சீ என்றிருந்தது.

கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற இந்த அறைக்குப் போன வருடமும் வந்திருந்தார்கள். அன்றைக்குக் கடுகு பெருமை தாங்காமல், யாரும் கேட்காமலே இடது கையை நீட்டி விரல் விரலாகத் திறந்து காட்டினாள். அந்த நாலு விரல் திறக்க இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெந்நீர் ஒத்தடம், மாவு பிசைவது, துணி கிளிப்பை எடுத்து எடுத்து வைப்பது, அழுகை, மறுபடி கிளிப்.

டாக்டர் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார். அடுத்த வாரமே, ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு நான்கு நாள் கொடுத்துவந்த கைப்பயிற்சியை ஒரு நாளாகக் குறைத்துவிட்டார்கள். தேறுகிற பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டார்களாம்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை அம்மாவுக்குத் தெரியும். இவர்கள் தொட்டிலையே பிடுங்கிக்கொண்டு, பிள்ளை ஏன் தூங்கவில்லை என்று விசாரிக்கிற ரகம்.

அதனால் இந்த வருடம் பாடம் மாறியது. ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. அம்மா டாக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் திற பார்ப்போம் என்று கொஞ்சிக் கேட்பாள். கடுகு மூடியே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடுகு சிரித்துக்கொண்டே திறந்துவிட்டாள்.

அப்பா இந்தக் கூத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சுத்தமான மனிதர். சாக்கடையில் இறங்க வீட்டில் வேறு ஆள் இருக்கும்போது சுத்தமாக இருப்பது சுலபம்தான்.

திற, திற என்று மூன்று வருடம் கெஞ்சிய வாயாலேயே திறக்காதே என்றும் சொல்லிக்கொடுத்தாயிற்று. டாக்டரின் விரல்களைவிடத் தன்னுடைய அந்த வாய்தான் அம்மாவுக்கு இப்போது அதிக அருவருப்பாக இருந்தது.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தார். கடுகின் வலது கையை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிட்டாயை இடது கைக்கு நேராக நீட்டினார்.

"திறந்து வாங்கிக்க. உனக்குத்தான்."

அம்மா அந்த முஷ்டியையே பார்த்தாள். திறந்தால், மிச்சமிருக்கிற அந்த ஒரு நாளும் போய்விடும்.

கை திறக்கவில்லை.

டாக்டர் விடவில்லை. நாய்க்குட்டிக்கு எலும்பைக் காட்டுவதுபோல மிட்டாயைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிக் கொண்டுபோனார், முஷ்டியின் மேலேயே வைத்துத் தேய்த்தார். கடுகின் முகம் சிவந்தது. உதட்டைக் கடித்தாள். மூக்கு நுனியில் வியர்வை துளிர்த்தது. முஷ்டி இன்னும் இறுகி, மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து, கட்டைவிரல் காணாமலே போய்விட்டது. கடைவாயில் எச்சில் வடிந்தது.

என்ன நடிப்பு என்று அம்மா நினைத்தாள். ஒரு வாரமாக வராதது சரியான நேரத்தில் வந்துவிட்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. ஐந்து வயதில் பொய், அதுவும் உடம்பாலேயே சொல்கிற பொய். சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே டாக்டரின் பேனாவைப் பார்த்தாள்.

பேனா 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதியது. பக்கத்தில் 'பயிற்சி, வாரம் நான்கு நாள்' என்றும் எழுதியது. மிட்டாய் இழுப்பறைக்குத் திரும்பிப் போனது. டாக்டர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

கடுகைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் வாயெல்லாம் கசந்தது. ஆள் இல்லாத மாடிப்படியாகப் பார்த்து உட்கார்ந்து, குழந்தையின் எச்சிலைத் துடைத்துவிட்டுக் காதோடு சொன்னாள்.

"சமத்து. அம்மா சொன்ன மாதிரியே மூடிக்கிட்டே இருந்த. இனிமே திறக்கலாம்."

கடுகு வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போலக் குனிந்தே இருந்தாள்.

"நீ சொன்னத நான் கேக்கலம்மா," என்றாள். "மிட்டாய் வேணும்னு திறக்கத்தான் பாத்தேன். எவ்வளவோ பாத்தேன். அது திறக்கல."