கல் போகும் ஊர்

மரக்காணம் கடற்கரைச் சாலையில் சகாயசெல்வியின் வீட்டு வாசலில் ஒரு கல் நின்றது. ‘பெரும்புயலில் கடல் இதுவரை வந்தது’ என்று அதில் வெட்டியிருந்தது. உப்பளத்துக்குப் போகும் பெண்கள் அதில் சாய்ந்துகொண்டுதான் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பார்கள்.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லைப் பிடுங்கி அவள் வீட்டுக்குப் பின்னால் நட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். கணுக்கால்வரை தண்ணீர். தரையில் இருந்த அரிசி மூட்டை ஊறிப்போயிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. தண்ணீர் வீட்டைக் கடந்து, கல்லைத் தொட்டு, அங்கேயே அசையாமல் நின்றது.

“பைப்பு உடைஞ்சிருக்கும்க்கா,” என்றான் சாலை வேலை மேஸ்திரி சதீஷ்.

“உப்பளத்துல வேல செய்றவகிட்டயா சொல்ற? வாயில வெச்சுப் பாருப்பா.”

விரலை நனைத்து நக்கிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

“கல்லு எங்க போவுதோ அங்க வருது. பழைய எடத்துலயே நட்டுடு.”

சதீஷ் மேலதிகாரியிடம் போனில் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தான். “உனக்கு இனிமே தொல்லையே இல்லக்கா. திண்டிவனத்துல மியூசியம் கட்டியிருக்காங்களாம். அங்க கொண்டுபோவச் சொல்லிட்டாங்க.”

கல்லை ஏற்றிக்கொண்டு லாரி மேற்கே திரும்பியது. வீட்டுக்குள் நின்ற தண்ணீரும் மெதுவாக அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது.

சகாயசெல்வி திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குப் போன் போட்டாள்.

“மேரி, அரிசி மூட்டைய கட்டில் மேல ஏத்தி வை. ஏன்னு கேக்காத. புள்ளைங்கள இன்னைக்குத் தரையில படுக்க வைக்காத.”